கவனக்குறைவு என்று எழுதியவர்

ரயில் நிலையத்து வாசலில் சைக்கிள் நிறுத்தத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட அவளுடைய அக்காவைத் தவிர ஆளில்லை. மற்ற எல்லோருக்கும் அவள் டோக்கனம்மா. எண் குத்திய தகர வில்லைகளில் ஒன்றைச் சைக்கிளின் கைப்பிடியில் மாட்டுவாள், அதன் ஜோடியை ஆளின் கையில் கொடுப்பாள். பதினாறு வருடமாக அதே வேலை. முந்நூற்று நாற்பது சைக்கிள்கள், எட்டு வரிசை, ஒரு காற்றுப் பம்பு, ஒரு மர ஸ்டூல், வெயிலுக்கு ஒரு தகரக் கூரை.

மனிதர்களின் முகம் அவளுக்குச் சட்டென்று பிடிபடாது. சைக்கிளைச் சொன்னால் ஆளைச் சொல்வாள். முன் பிரேக் இழுக்காத சிவப்பு வண்டி என்றால் மருந்துக் கடைக்காரர். பின்னால் கூடை கட்டிய வண்டி என்றால் பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார். தெருவில் வரும் வண்டிகளைத் திரும்பிப் பார்க்காமலே காதால் பிரித்துச் சொல்லவும் அவளுக்குத் தெரியும். இது பேருந்து, இது பால் வண்டி, இது காலியாகப் போகும் லாரி என்று தலை நிமிராமல் சொல்வாள்.

இன்னொரு குணமும் இருந்தது. யாராவது மனம் நோகப் பேசிவிட்டால் அவள் மறக்க மாட்டாள். கீழ் வீட்டுக்காரர் ஒன்பது வருடத்துக்கு முன்னால், "உங்க வீட்டுத் துணி சொட்டி என் செடியெல்லாம் வீணாப்போகுது" என்று மாடிப்படியில் நின்று சத்தம் போட்டார். அன்றிலிருந்து அவர் எதிரே வந்தால் டோக்கனம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்பாள். பாவம், அந்த மனிதருக்குக் காரணமே மறந்துபோயிருக்கும்.

"உன் தலைக்குள்ள ஒரு ரிக்கார்டு ரூமே இருக்குடி. ஒரு காகிதம் கிழிஞ்சதில்ல" என்பாள் அக்கா.

அக்கா, தங்கை இருவர் மட்டும்தான் அந்த இரண்டு அறை வீட்டில். அக்காவின் கணவர் இளவயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். தங்கை கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. இரண்டு ஸ்டேஷன் தள்ளி, மருத்துவமனைச் சீருடை தைக்கும் கூடத்தில் அக்காவுக்கு வேலை. காலையில் சைக்கிளில் வந்து தங்கையிடம் விட்டுவிட்டு ரயில் ஏறுவாள். மாலையில் இறங்கி எடுத்துக்கொண்டு போவாள். தங்கையிடமே டோக்கன் வாங்கிக்கொண்டுதான் போவாள். ஒரு நாளும் "நான்தானே" என்று சும்மா போனதில்லை.

அப்படி ஒரு கவனம் அவளுக்கு. கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை தள்ளிப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டு, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவாள். ரோட்டைக் கடக்கும்போது வலது பக்கம், இடது பக்கம், மறுபடி வலது பக்கம் பார்ப்பாள். "அப்படியே மேலயும் ஒரு தடவை பாத்துரு, ஏரோப்ளேன் எதுவும் இறங்கப்போகுது" என்று தங்கை கேலி செய்வாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் சாலை அகலப்படுத்தும் வேலை வந்தது.

சாலைப் பிரிவு அலுவலகத்திலிருந்து எஞ்சினியர் ஒருவர் வந்தார். ஐம்பதைத் தொட்ட வயது, மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. குரலை உயர்த்தாமல் பேசுகிற மனிதர். கூட வந்தவர்களில் ஒருவர் வரைபடத்தை விரித்துப் பிடிக்க, எஞ்சினியர் அதைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே நடந்தார். ஸ்டேஷன் வாசலை ஒட்டியிருந்த சைக்கிள் நிறுத்தம் எதிர்ப்பக்கத்துக்குப் போகும், இந்த இடம் கார்களுக்கு. நடந்து போகிறவர்களுக்காகப் போட்டிருந்த வெள்ளைக் கோடுகள் எடுக்கப்படும், அவை வண்டி ஓட்டத்தைத் தடுக்கின்றன. ஸ்டேஷன் தெரு பெரிய சாலையில் சேரும் முனையை நன்றாக வளைத்து வெட்டிவிட்டால் பேருந்துகள் வேகம் குறைக்காமலே திரும்பலாம். கடக்க வேண்டியவர்களுக்கு இருநூறு அடி தள்ளி நடைமேம்பாலம் வரும்.

டோக்கனம்மா ஸ்டூலை விட்டு எழுந்து போய் அவர் எதிரில் நின்றாள்.

"சார், காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம், ஜனம் பூரா இங்கதான் கடக்குது. சைக்கிள அந்தப் பக்கம் வெச்சுட்டு ரயில் இந்தப் பக்கம்னா, எல்லாரும் ரோட்டுக்குள்ள எறங்கித்தான் ஆகணும். இந்த முனையில வண்டி வேகமா திரும்புனா பாக்கக்கூட நேரம் இருக்காது சார்."

அவர் வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"நீங்க டோக்கன் குடுங்கம்மா. ரோட்ட நாங்க பாத்துக்கறோம்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எஞ்சினியர் சிரிக்கவில்லை. அவர் அதை ஒரு நகைச்சுவையாகக்கூடச் சொல்லவில்லை என்பதுதான் டோக்கனம்மாவுக்கு உறைத்தது. அந்த வாக்கியம் அன்றைக்கே ரிக்கார்டு ரூமுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

புதுச் சாலை திறந்து ஐந்தாவது மாதம். மாலை ஐந்தே முக்கால் ரயில் வந்து நின்றது. எதிர்ப்பக்கத்துக் கூரைக்கடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த டோக்கனம்மா, கூட்டத்தோடு அக்கா வெளியே வருவதைப் பார்த்தாள். அக்கா வழக்கம்போல ஓரத்தில் நின்றாள். வலது பக்கம், இடது பக்கம், மறுபடி வலது பக்கம். பாதி சாலை கடந்து நடுக்கோட்டில் நின்றாள். ஒரு பேருந்தை விட்டாள், இரண்டு கார்களை விட்டாள். கால் எடுத்து வைத்தாள். அப்போதுதான் முனையை வளைத்துக்கொண்டு ஒரு சரக்கு வேன் வந்தது. அதன் சத்தம் டோக்கனம்மாவின் காதில் விழுந்து, வாய் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வலது கால் மூன்று இடத்தில் முறிந்தது. இரண்டு அறுவை சிகிச்சை, உள்ளே ஒரு கம்பி, ஐந்து மாதம் படுக்கை. வேன் ஓட்டியவன் முப்பது வயதுக்காரன். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வந்து நின்று, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். "அந்த முனையில ஸ்டீயரிங் ஒடிச்சா வண்டி தானா பறக்குதுக்கா, நான் பிரேக்க மிதிக்கறதுக்குள்ள..." என்று அவன் சொன்னபோது டோக்கனம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளுடைய கோபத்துக்கு வேறு விலாசம் இருந்தது.

தையல் கூடத்தில், "நல்லாயிட்டு வாங்க, மெஷின் உங்களுக்காக இருக்கும்" என்றார்கள். நான்காவது மாதம் அந்த மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். பெடலை மிதிக்க வேண்டிய வலது கால், கட்டிலிலிருந்து இறங்கவே அரை மணி நேரம் கேட்டது.

டோக்கனம்மாவிடம் தினமும் வண்டி விடுகிறவர்களில் துருப்பிடித்த பச்சை சைக்கிள்காரர் ஒருவர் உண்டு. அதே சாலைப் பிரிவு அலுவலகத்தில் குமாஸ்தா. ஒரு நாள் டோக்கனைத் திருப்பிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உங்க அக்கா விபத்துக்கு எங்க ஆபீஸ்ல ஒரு அறிக்கை இருக்கு. உறவுக்காரங்க எழுதிக் குடுத்தா பாக்கலாம். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

மறுநாளே அந்த அலுவலகத்துக்குப் போய், எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தாளை நீட்டினார்கள். ஒரே ஒரு தாள். நாள், நேரம், இடம். அதற்குக் கீழே இரண்டு வரி:

"பாதசாரியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம். சாலை அமைப்பில் குறைபாடு ஏதும் இல்லை."

அதற்கடியில் எஞ்சினியரின் கையெழுத்து, பழகிய கையால் ஒரே இழுப்பில் போட்டது.

டோக்கனம்மா அந்த முதல் வரியைப் பலமுறை படித்தாள். கால் முறிந்ததைவிட இது மோசம். அடுப்பை அணைக்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவளுக்குக் கவனக்குறைவாம். வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னபோது அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, "ஒருவேள நான்தான் சரியா பாக்கலையோ என்னவோ" என்றாள்.

அந்த மனிதர் எழுதிய வரி தன் அக்காவின் மனசுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டதை டோக்கனம்மா அந்த நிமிஷத்தில் கண்டாள். அவரை விடுவதில்லை என்று அங்கேயே, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தபடியே முடிவு செய்தாள்.

முதலில் செய்தது சின்னத்தனமான வேலை. எஞ்சினியர் ஸ்டேஷன் பக்கம் வரும் நாட்களில் அவருடைய கார், பழைய சைக்கிள் நிறுத்தம் இருந்த அதே இடத்தில்தான் நிற்கும். ஒரு மதியம் டிரைவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, வால்வு கழற்றும் சாவியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போய் நான்கு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டாள். இவ்வளவு சந்தோஷமான சத்தத்தை அவள் பல மாதமாகக் கேட்டதில்லை. ஆனால் அரை மணி நேரம் கழித்து என்ன நடந்தது? எஞ்சினியர் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டு ஏறிப் போய்விட்டார். டிரைவர்தான் வெயிலில் வியர்த்து வழிய ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்தார். கடைசியில் காற்றுப் பம்பு கேட்டு அவளிடமே வந்து நின்றார்.

அவளே பம்பைப் பிடித்து அடித்துக் கொடுத்தாள். கை வலித்தது. எஞ்சினியருக்கு ஒரு மயிரும் வலிக்கவில்லை. இனிமேல் அடித்தால் அந்த ஆளுக்கு மட்டும் வலிக்கிற இடத்தில்தான் அடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த இடம் எதுவென்று பச்சை சைக்கிள் குமாஸ்தாதான், தெரிந்தோ தெரியாமலோ, சொன்னார்.

"அவருக்கு லஞ்சம் கிஞ்சம் எல்லாம் கிடையாதும்மா, அப்பழுக்கில்லாத ஆளு. கத்துனா காதுல வாங்க மாட்டாரு. ஆனா எழுத்துல ஒரு மனு வந்துட்டா, முப்பது நாளுக்குள்ள அவரே கைப்பட பதில் எழுதி ஃபைல்ல வெக்கணும். அதுலயும் எண்ணிக்கை போட்டு வந்துச்சுன்னா தூக்கமே வராது அவருக்கு. எண்ணிக்கைய எண்ணிக்கையாலதான் மறுக்கணுமில்ல."

"வாரத்துக்கு ஒண்ணு குடுக்கலாமா?"

"தினமும் குடுத்தாக்கூட வேண்டாம்னு சொல்ல முடியாது" என்றார் குமாஸ்தா. சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துபோனார்.

டோக்கனம்மா ஒரு தடிமனான நோட்டுப் புத்தகம் வாங்கினாள். எண்ணுவது அவளுக்குப் புதிதில்லை. முதல் வாரம் தலைகளை எண்ணினாள். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை ரோட்டில் இறங்கிக் கடந்தவர்கள் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர். அதே நேரம் நடைமேம்பாலத்தில் ஏறியவர்கள் ஒன்பது பேர், அதில் இரண்டு பேர் மேலே நின்று போனில் பேச ஏறியவர்கள். இரண்டாவது வாரம் பாலத்துப் படிகளை எண்ணினாள். ஏற ஐம்பத்திரண்டு, இறங்க ஐம்பத்திரண்டு, சைக்கிளை உருட்டிச் செல்ல ஒரு சரிவுகூட இல்லை. மூன்றாவது வாரம், பாதி வழி போய்விட்டுப் பயந்து திரும்பி ஓடி வந்தவர்களை எண்ணினாள்.

அறிவியல் வாத்தியார் அவளுக்கு வேகம் கணக்கிடச் சொல்லிக்கொடுத்தார். முனையில் ஒரு கம்பம், நாற்பது அடி தள்ளி இன்னொரு கம்பம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வண்டி வர எத்தனை நொடி என்று கடிகாரத்தில் பார்த்தால் போதும். "இதுக்கு முன்னால கோடு இருந்த காலத்துல இதுல பாதி வேகம்தான் இருந்திருக்கும்" என்றார் வாத்தியார். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் தான் அளக்காத எதையும் மனுவில் எழுதவில்லை. மறுத்து எழுத எஞ்சினியரின் கையில் ஒரு நூல் முனைகூடக் கொடுக்கக் கூடாது.

பிறகு டோக்கன் திருப்பிக் கொடுக்கிற ஒவ்வொருவரிடமும் கேட்க ஆரம்பித்தாள்.

"வர்ற வழியில ஏதாவது ஆச்சா?"

கேட்டால்தான் தெரிகிறது. ஒருவர் முழங்கை சிராய்ப்பைக் காட்டினார். ஒருத்தியின் கண்ணாடி பேருந்துச் சக்கரத்தில் நசுங்கியிருந்தது. மருந்துக் கடைக்காரர் கால்சட்டையைத் தூக்கி, ஒரு மாதமாக மறைத்து வைத்திருந்த வீக்கத்தைக் காட்டினார். "இதையெல்லாம் யாருகிட்ட போய்ச் சொல்றது?" என்றார். டோக்கனம்மா எழுதிக்கொண்டாள். நாள், நேரம், எந்த இடம், என்ன காயம். ஒரு வருடத்தில் நாற்பத்தொரு பேர். எஞ்சினியரின் அலுவலகப் பதிவில் இருந்தது இரண்டு.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு மனு போனது. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. ஆரம்பத்தில் பதில்கள் நான்கு வரி இருந்தன, பிறகு ஒரு பக்கம், பிறகு இரண்டு பக்கம். கையெழுத்து மாறிக்கொண்டே வந்ததை அவள் கவனித்தாள். ஒரே இழுப்பில் போட்ட அந்தக் கையெழுத்து இப்போது நடுவில் நின்று நின்று வந்தது. பதில் வரும் நாட்களில் அவளுக்கு நன்றாகப் பசித்தது.

"அவரு கண்ணுக்குக் கீழ கருப்படிச்சுப் போச்சும்மா" என்றார் குமாஸ்தா.

"அப்படியா" என்றாள். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சைக்கிள் மிதித்தாள்.

ஊன்றுகோலைப் பிடித்து நடக்கப் பழகியிருந்த அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "உனக்கு ரோடு சரியாகணுமா, அந்த ஆளு சாகணுமா?" என்று ஒரு நாள் நேராகவே கேட்டாள்.

"ரோடு சரியாகறதுதான் அந்த ஆளுக்குச் சாவு" என்றாள் தங்கை. "தன் கையாலயே தன் வேலைய உடைக்கணும். உன்னப் பத்தி எழுதுன அதே கையால."

ஐம்பத்தோராவது மனுவில் அவள் நகர மன்றத்தின் பொதுக் கூட்டத்தில் பேச நேரம் கேட்டாள். நேரம் கிடைத்தது. நீள மேசைக்குப் பின்னால் மன்றத் தலைவி, பக்கத்தில் எஞ்சினியர். எஞ்சினியர் தன் முறை வந்தபோது அமைதியாகப் பேசினார். பாலம் இருக்கிறது, மக்கள் பயன்படுத்துவதில்லை, அறிவுறுத்தல் பலகைகள் வைக்கலாம். எதிரில் உட்கார்ந்திருந்த டோக்கனம்மாவை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அவள் எழுந்து நோட்டைப் பிரித்து எண்ணிக்கைகளை வாசித்தாள். முடித்துவிட்டுத் தலைவியைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்மா. சார் ஒரே ஒரு தடவை, காலையில எட்டரை ரயில் பிடிக்கட்டும். எங்ககிட்ட சைக்கிள விட்டுட்டு, அவரு போட்ட ரோட்டுல, நடந்து."

தலைவி எஞ்சினியரைத் திரும்பிப் பார்த்தார். "அதுல ஒண்ணும் தப்பில்லையே. நானும் வரேன்" என்றார்.

அடுத்த புதன்கிழமை என்று நாள் குறித்தார்கள். அதற்கு டோக்கனம்மா நன்றாகத் தயாரானாள். எஞ்சினியரிடம் சைக்கிள் இல்லை, அவளே ஒன்று தருவதாகச் சொல்லியிருந்தாள். நிறுத்தத்திலேயே மிகக் கனமான வண்டியை, எண்ணெய் கண்டு பல மாதமான சங்கிலியோடு, தெருமுனைக்கு அனுப்பிவைத்தாள். அவர் அதை மிதித்துக்கொண்டு வந்து இறங்கியபோதே சட்டையின் மடிப்பு கலைந்திருந்தது. அவள் டோக்கன் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். தலைவி கூரைக்கடியில் நின்றார். அக்கா ஊன்றுகோலோடு வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ரயில் வர இன்னும் ஆறு நிமிஷம் சார்" என்றாள் டோக்கனம்மா.

எஞ்சினியர் பாலத்தை ஒருமுறை பார்த்தார். அது இருநூறு அடி தள்ளி நின்றது. எல்லோரையும்போல அவரும் ரோட்டில் இறங்கினார்.

இரண்டு முறை காலை வைத்து எடுத்தார். மூன்றாவது முறை ஓட்டமும் நடையுமாக நடுக்கோடு வரை போய்விட்டார். அங்கே நின்றார். முன்னாலும் பின்னாலும் வண்டிகள் காற்றை வீசிக்கொண்டு போயின. கையிலிருந்த காகித உறையை மார்போடு அணைத்துக்கொண்டார். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. அவர் முகத்தை டோக்கனம்மா ஆசை தீரப் பார்த்தாள். ஒரு வருடம் காத்திருந்தது இந்த முகத்துக்குத்தான். எதிரே கொஞ்சம் இடைவெளி தெரிந்தது. அவர் காலை எடுத்து வைத்தார்.

அப்போது அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. முனைக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு இன்னும் தெரியாத பேருந்து, வேகம் குறைக்காமல் திரும்புகிற சத்தம். வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. கத்துவதற்கு அவளுக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. அவள் கத்தவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

"சார், பின்னால போங்க. பின்னால."

கத்தியது அக்கா. ஊன்றுகோல் கீழே விழுந்து உருண்டது. எஞ்சினியர் பின்னால் சாய்ந்து தடுமாறி நடுக்கோட்டில் உட்கார்ந்தேவிட்டார். பேருந்து அவருடைய ஒரு செருப்பின்மேல் ஏறிப் போயிற்று.

யாரோ இரண்டு பேர் ஓடிப்போய் அவரைப் பிடித்து இந்தப் பக்கம் கூட்டி வந்தார்கள். அவரை டோக்கனம்மாவின் ஸ்டூலிலேயே உட்கார வைத்தார்கள். ஒரு காலில் செருப்பில்லை. எட்டரை ரயில் வந்து, நின்று, போய்விட்டது.

டோக்கனம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்தாள். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"கொஞ்சம் கவனமா கடந்திருக்கலாமே சார்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அன்றுதான் முதல்முறையாக அவளை முழுசாகப் பார்த்தார்.

"கவனமாத்தாம்மா கடந்தேன்."

"அத எழுதிக் குடுங்க" என்றாள்.

அக்காவின் அறிக்கையின் நகல் அவள் நோட்டுக்குள் தயாராக இருந்தது. தலைவி பார்த்துக்கொண்டிருக்க, எஞ்சினியர் தன் பேனாவை எடுத்து அந்த இரண்டு வரியையும் அடித்தார். பக்கத்தில் எழுதினார்: "பாதசாரி உரிய கவனத்துடன் கடந்துள்ளார். சாலை முனையின் வளைவும் பாதசாரிக் கோடுகள் அகற்றப்பட்டதுமே விபத்துக்குக் காரணம்." கையெழுத்துப் போட்டார். மூலக் கோப்பிலும் அப்படியே திருத்துவதாகத் தலைவியிடம் சொன்னார். டோக்கனம்மா அந்தத் தாளை வாங்கி, மை காயும் வரை ஊதிவிட்டு, அக்காவின் கையில் கொடுத்தாள். அக்கா மூன்று முறை படித்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்று மாலை வீட்டில் அக்கா அந்தப் பேச்சை எடுத்தாள்.

"நீ கத்தலையே."

தங்கை நோட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"எனக்கு அது கண்ணுல பட்டப்புறம்தான் தெரிஞ்சுது. உனக்கு முன்னாலயே கேட்டிருக்கும்."

"கேட்டுச்சு."

அக்கா காலை நீட்டி, கம்பி வைத்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "நான் அந்த ஆளுக்காகக் கத்தலைடி. அந்த பஸ் டிரைவருக்காகக் கத்துனேன். என்ன இடிச்ச பையன் இன்னும் வண்டியத் தொடலையாம், அவங்கம்மா போன வாரம் வந்து சொல்லிட்டுப் போனாங்க. இன்னொருத்தன் எதுக்கு அப்படி ஆகணும்?"

"நான் அவ்வளவு தூரம் யோசிக்கல" என்றாள் தங்கை.

"தெரியும். அதான் பயமா இருக்கு உன்ன நெனச்சா."

அந்தப் பேச்சு டோக்கனம்மாவைச் சும்மா விடவில்லை. தன்மேல் தானே கோபப்பட வேண்டி வருவது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. வருத்தமா என்று கேட்டால், வருத்தம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

சாலை வேலை அடுத்த மாதமே ஆரம்பித்தது. எஞ்சினியரே முன்னால் நின்று செய்தார். முனையின் அகன்ற வளைவை உடைத்து, நடைபாதையை வெளியே நீட்டிக் கட்டினார்கள். இனி பேருந்து ஊர்ந்துதான் திரும்ப முடியும். வெள்ளைக் கோடுகள் திரும்பி வந்தன, இந்த முறை நடைபாதையின் உயரத்துக்கே மேடாக்கப்பட்டு. நடுவில் ஒரு திட்டு, சைக்கிளோடு நான்கு பேர் நிற்கலாம். சைக்கிளுக்குத் தனிப் பாதை, வண்டிகள் ஏறாதபடி ஓரத்தில் கம்பங்கள். கடக்கிறவர்களுக்குப் புதிதாக ஒரு சிக்னல், அதில் நாற்பது நொடி. அந்த நாற்பது நொடியை அக்காவை ஊன்றுகோலோடு நடக்க வைத்துத்தான் முடிவு செய்தார்கள். சைக்கிள் நிறுத்தம் ஸ்டேஷன் வாசலுக்கே திரும்பியது.

அப்போதும் டோக்கனம்மா விடவில்லை. மேடு வரைபடத்தில் உள்ளதைவிட மூன்று விரல் தாழ்வாக இருக்கிறது என்று டேப் பிடித்துக் காட்டி, உடைத்துத் திரும்பப் போட வைத்தாள். திட்டின் சரிவில் சக்கரம் இடிக்கிறது என்று மறுபடி மனு. எஞ்சினியர் மறுபேச்சில்லாமல் செய்தார். அவர் வெயிலில் நிற்பதை அவள் கூரைக்கடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு டீ வேண்டுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வேலை முடிந்த அன்று அவர் அவளிடம் வந்து, "சரியா இருக்காம்மா?" என்று கேட்டார்.

"பாக்கறேன்" என்றாள். அவ்வளவுதான்.

அந்த வருடம் முழுக்க அந்த இடத்தில் ஒருவருக்கும் சிராய்ப்புக்கூட ஆகவில்லை. பத்திரிகையில் அவள் படம் வந்தது. சமூக சேவகி என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அக்கா சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. அக்கா இடது காலால் பெடல் மிதிக்கப் பழகிக்கொண்டு, வீட்டிலேயே மெஷின் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எஞ்சினியருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகியது. போவதற்கு முன் நிறுத்தத்தின் பக்கம் வந்து ஒரு நிமிஷம் நின்றார். டோக்கனம்மா எண் தொண்ணூற்றாறின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வடக்குப் பக்கத்துப் பேருந்து நிறுத்தத்திலிருந்து இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார்கள். அந்தப் பெண்தான் பேசினாள்.

"எங்க ஸ்டாப்புலயும் இதே கதைதாங்க. மூணு மாசத்துல நாலு பேரு விழுந்துட்டாங்க. நீங்க வந்து எப்படிச் செய்யணும்னு சொன்னா நல்லா இருக்கும். உங்களமாதிரி நல்ல மனசு..."

"மனச விடுங்க" என்றாள் டோக்கனம்மா. "அங்க பிளான்ல கையெழுத்துப் போட்டது யாரு?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது தெரியலைங்களே. ஆபீஸ்ல யாராவது..."

"ஆபீஸ் மேல எல்லாம் எனக்குக் கோபம் வராது. ஆளு வேணும். மொதல்ல அது யாருன்னு கண்டுபிடிங்க. விழுந்தவங்களப் பத்தி அவரு என்ன எழுதி வெச்சிருக்காருன்னு ஒரு நகல் வாங்குங்க. அப்புறம் நான் வரேன்."

அவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்தார்கள். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, "மாடிப்படியில ஓரமா பாத்து எறங்குங்க, மூணாவது படி கொஞ்சம் ஆடும்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.